கண்ணாடியும் கலப்பும்: அரிக்கமேட்டிலிருந்து சிங்கப்பூர் வரை



சிங்கப்பூருக்குப் போய் வந்த நம்மவர் எவரும் சிராங்கூன் சாலையை மறக்க மாட்டார்கள். தேக்காச் சந்தையும், பூக்கடைகளும், நகைக்கடைகளும், கண்ணாடி வளையல் அடுக்கிய கடைகளும் அங்கே உண்டு. ஞாயிற்றுக்கிழமை மாலையில் அந்தப் பக்கம் நடந்தால், தமிழகத்திலிருந்து வேலைக்கு வந்த இளைஞர்கள் புல்தரையிலும் நடைபாதையிலும் அமர்ந்து, கைத்தொலைபேசியில் ஊரிலுள்ள மனைவி மக்களோடு முகம் பார்த்துப் பேசிக்கொண்டிருப்பதைக் காணலாம். கடையில் தொங்கும் வளையலும் கண்ணாடி. அந்த இளைஞனின் குரலைக் கடலுக்கு அடியில் சுமந்து செல்வதும் கண்ணாடியே. இரண்டிலும் கண்ணாடியோடு வேறொரு பொருள் சிறிதளவு கலக்கப்பட்டிருக்கிறது. அந்தக் கலப்பு கண்ணாடியின் அடர்த்தியையும், ஒளியை அது நடத்தும் விதத்தையும் எப்படி மாற்றுகிறது, அதை மனிதர் எப்படிக் கண்டறிந்தனர் என்னும் வரலாற்றை இன்று பார்ப்போம்.

முதலில் இரண்டு சொற்களைத் தெளிவாக்கிக் கொள்வோம். ஒன்று அடர்த்தி. ஒரே அளவுள்ள இரண்டு பொருள்களில் எது கூடுதல் எடையோ அதற்கு அடர்த்தி அதிகம். பால்மரத் தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு இது புதிதல்ல. பால் நிறுக்கும் இடத்தில் மெட்ரோலாக் என்னும் கண்ணாடிக் குழாய்க் கருவியைப் பாலில் மிதக்கவிட்டுப் பார்ப்பதுண்டு. ரப்பர் நீரைவிட இலேசானது. ஆகையால் ரப்பர் மிகுந்த பாலில் கருவி ஆழமாக அமிழும்; நீர் கலந்த பாலில் உயர்ந்து நிற்கும். கண்ணுக்கு இரண்டு பாலும் வெள்ளைதான். கலப்பைக் காட்டிக் கொடுத்தது அடர்த்தி.

மற்றொன்று ஒளிவிலகல் எண். தண்ணீர்க் குவளையில் கரண்டியைச் சாய்த்து வைத்தால் அது ஒடிந்ததுபோல் தோன்றுகிறது அல்லவா? வெற்றிடத்தில் வினாடிக்கு ஏறத்தாழ 3 இலட்சம் கிலோமீட்டர் ஓடும் ஒளி, நீருக்குள் நுழைந்ததும் வேகம் குறைகிறது. அதனால் திசை திரும்புகிறது. எத்தனை மடங்கு வேகம் குறைகிறது என்பதே ஒளிவிலகல் எண். நீருக்கு அது 1.33. சாளரக் கண்ணாடிக்கு ஏறத்தாழ 1.52. வைரத்துக்கு 2.42. வைரம் மின்னுவதற்கு இதுவே முதற் காரணம்.

இவ்விரண்டும் கலப்பினால் ஒன்றாக மாறுவதை வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு கண்ணாடிக் குவளையில் நீர் நிரப்பி, நூலில் கட்டிய கற்கண்டை அதில் தொங்கவிடுங்கள். கரைந்த சர்க்கரை நெளிநெளியான கோடுகளாகக் கீழே இறங்குவது தெரியும். அது கீழே இறங்குவது, கரைசலின் அடர்த்தி நீரைவிட அதிகம் என்பதால். நிறமே இல்லாத அது நம் கண்ணுக்குத் தெரிவது, அதன் ஒளிவிலகல் எண் நீரினின்று வேறுபடுவதால். பாதி எடை சர்க்கரையாக உள்ள பாகின் அடர்த்தி நீரைப்போல் 1.23 மடங்கு, ஒளிவிலகல் எண் 1.42. பிள்ளைகள் செய்து பார்க்க வேண்டிய சோதனை இது. ஒரு காசு செலவில்லை.

இனிக் கண்ணாடிக்கு வருவோம். கண்ணாடியின் மூலப்பொருள் மணலிலுள்ள சிலிக்கா. சிலிக்காவை மட்டும் உருக்க ஏறத்தாழ 1,700 பாகை வெப்பம் வேண்டும். பழங்காலத்து உலையில் அது நடவாது. ஆகவே சோடா உப்பைச் சேர்த்து உருகுநிலையைத் தாழ்த்தினார்கள். நீரில் கரையாதிருக்கச் சுண்ணாம்பைச் சேர்த்தார்கள். சுத்த சிலிக்காக் கண்ணாடியின் அடர்த்தி நீரைப்போல் 2.2 மடங்கு, ஒளிவிலகல் எண் 1.458. சோடாவும் சுண்ணாம்பும் சேர்ந்த சாதாரணக் கண்ணாடிக்கு அடர்த்தி ஏறத்தாழ 2.5, எண் 1.52. சேர்ந்த பொருளால் இரண்டும் உயர்ந்திருப்பதைக் கவனியுங்கள்.

இந்தக் கலையில் நம் முன்னோருக்குப் பெரும் பங்கு உண்டு. புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழாய்வு செய்தார். ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன் அங்கே ரோமானியரோடு வணிகம் நடந்ததும், கண்ணாடி மணிகள் செய்யப்பட்டதும் தெரியவந்தன. உலையிலிருந்து சூடான கண்ணாடியை நீண்ட குழாயாக இழுத்து, அதைத் துண்டு துண்டாக நறுக்கிச் செய்த சிறு மணிகள் அவை. செம்பு சேர்த்தால் செங்கல் நிறம். கோபால்ட் சேர்த்தால் நீலம். ஈழத்து மாந்தை, தாய்லாந்தின் குளோங் தோம், நம் பேராக் மாநிலத்துக் குவாலா செலின்சிங் ஆகிய துறைகளிலும் இதே வகை மணிகள் செய்யப்பட்டிருக்கின்றன. அமெரிக்க ஆய்வாளர் பீட்டர் பிரான்சிஸ் இவற்றுக்கு இந்தோ-பசிபிக் மணிகள் என்று பெயரிட்டார். கப்பலேறி வந்த நம்மவர் கூலிகளாக மட்டும் வரவில்லை. அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே கைத்தொழில் அறிவும் கடல் கடந்து இங்கே வந்திருக்கிறது. பிள்ளைகளுக்கு இதைச் சொல்லி வளர்க்க வேண்டும்.

சிங்கப்பூரின் மண்ணிலும் இதற்குச் சான்று உண்டு. ஃபோர்ட் கேனிங் குன்றில் 1984இல் ஜான் மிக்சிக் தலைமையில் தொடங்கிய அகழாய்வில், 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சீனப் பீங்கான்களோடு கண்ணாடி மணிகளும் கண்ணாடித் துண்டுகளும் கிடைத்தன. இத்தகைய மணிகள் எந்த நாட்டு உலையில் பிறந்தவை என்று ஆய்வாளர்கள் எப்படி அறிகிறார்கள்? கலப்பை வைத்துத்தான். இந்திய மரபு மணிகளில் சோடாவும் அலுமினாவும் மிகுதி. சீன மரபு மணிகளில் பெரும்பாலும் ஈயம் மிகுதி. ஈயம் சேர்ந்த மணி அதே அளவுள்ள மற்ற மணியைவிடக் கனக்கும், பளபளப்பும் கூடும். மண்ணுக்கடியில் எத்தனையோ நூற்றாண்டு கிடந்தாலும், தன் பிறப்பிடத்தை மணி மறக்கவில்லை.

ஈயத்தின் இந்தக் குணத்தை ஐரோப்பாவில் பெரிய தொழிலாக்கியவர் இங்கிலாந்தைச் சேர்ந்த ஜார்ஜ் ரேவன்ஸ்கிராஃப்ட். 1674இல் அவர் தம் கண்ணாடிக்கு உரிமம் பெற்றார். நூற்றுக்கு 24 பங்கு ஈய ஆக்சைடு சேர்ந்த கண்ணாடியின் அடர்த்தி ஏறத்தாழ 3. ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.55. பணக்காரர் வீட்டு மேசைகளில் மின்னிய ‘கிறிஸ்டல்’ கிண்ணங்கள் இவையே. ஈயம் நஞ்சு என்பதையும் நினைவில் வைப்போம். அத்தகைய பாத்திரத்தில் ஊறுகாய், பழச்சாறு போன்ற புளிப்புப் பொருள்களை ஊற்றிச் சேமிக்கக் கூடாது.

ஈயக் கண்ணாடியால் ஒரு பெரிய நன்மையும் விளைந்தது. தொலைநோக்கியில் பார்த்தால் பொருளின் ஓரத்தில் வானவில் நிறம் படிவது பழைய தொல்லை. ஈயம் சேர்ந்த வில்லையையும் சேராத வில்லையையும் பொருத்தினால் அந்தக் குறை நீங்கும் என்பதைப் பயன்படுத்தி, ஜான் டாலண்ட் 1758இல் உரிமம் பெற்றார். பின்னர் 1884இல் ஜெர்மனியின் யேனா நகரில் ஒட்டோ ஷாட் என்பவர், ஆபேயுடனும் ஸைசுடனும் சேர்ந்து கண்ணாடி ஆய்வுக்கூடம் ஒன்றை நிறுவினார். பேரியம், போரான் போன்ற பொருள்களை ஒவ்வொன்றாகச் சேர்த்து, அடர்த்தி என்ன, ஒளிவிலகல் என்ன, நிறப்பிரிகை என்ன என்று அளந்து எழுதினார். அதுவரை கைப்பக்குவமாக இருந்தது அதன்பின் அறிவியலாயிற்று.

இங்கே ஒரு கேள்வி எழும். அடர்த்தி கூடினால் ஒளிவிலகல் எண்ணும் கூடத்தான் வேண்டுமா? பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் எப்போதும் அல்ல. காரணத்தைப் பார்ப்போம். பொருளுக்குள் நுழையும் ஒளி, அணுக்களிலுள்ள எலெக்ட்ரான்களை அசைக்கிறது. அந்த அசைவே ஒளியைத் தாமதப்படுத்துகிறது. ஆகவே இரண்டு செய்திகள் முக்கியம்: ஒரே இடத்தில் எத்தனை அணுக்கள் நெருங்கியுள்ளன என்பது ஒன்று; ஒவ்வோர் அணுவின் எலெக்ட்ரான்களும் எவ்வளவு எளிதில் அசைகின்றன என்பது மற்றொன்று. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஹாலந்தின் லோரென்ட்ஸ், டென்மார்க்கின் லோரென்ஸ் ஆகிய இருவர், ஒருவரையொருவர் சாராமல் இதைக் கணக்காக வகுத்தனர். பெயரும் ஏறத்தாழ ஒன்று, முடிவும் ஒன்று.

டைட்டானியத்தை எடுத்துக் கொள்வோம். சிலிக்காவில் எடைக்கு நூற்றுக்கு 7 பங்குக்குச் சற்று மேலாக டைட்டானியம் ஆக்சைடு சேர்த்த ஒருவகைக் கண்ணாடியின் அடர்த்தி 2.21. சுத்த சிலிக்காவுக்கு 2.20. எடை ஏறவே இல்லை என்று சொல்லிவிடலாம். ஆனால் ஒளிவிலகல் எண் 1.458இலிருந்து 1.483 ஆகிவிடுகிறது. டைட்டானியம் சேர்ந்த இடத்தில் எலெக்ட்ரான்கள் எளிதில் அசைவதே காரணம். இதன் பயனை நம் தாத்தாக்களின் மூக்கில் காணலாம். பார்வை மிகவும் குறைந்தவர்களுக்குத் தடித்த கண்ணாடி வேண்டும். ஒளிவிலகல் எண்ணைக் கூட்டினால் கண்ணாடியை மெல்லியதாகச் செய்யலாம். ஆனால் ஈயத்தால் கூட்டினால் மூக்கு தாங்காது. டைட்டானியம் சேர்த்த வில்லைகள் 1970களில் வந்தபின், மெல்லியதாகவும் கனமின்றியும் கண்ணாடி அணிய முடிந்தது.

இதற்கு எதிரான போக்குடையது ஃபுளோரின். அது தன் எலெக்ட்ரான்களை இறுகப் பிடித்துக் கொள்ளும். சிலிக்காவில் அதைச் சேர்த்தால் அடர்த்தியும் சற்றே குறையும். ஒளிவிலகல் எண்ணும் குறையும். இப்படித் தூய பொருளில் வேண்டுமென்றே சிறிதளவு வேறொன்றைச் சேர்ப்பதை ‘மாசூட்டல்’ என்பர். மாசு என்ற சொல்லைக் கேட்டு முகம் சுளிக்க வேண்டாம். இது அழுக்கன்று, அளந்து சேர்க்கும் கலப்பு.

இந்த மாசூட்டல்தான் சிங்கப்பூரையும் சென்னையையும் அடுத்தடுத்த வீடுகளாக்கியது. அந்தக் கதையை அறியச் சற்றுப் பின்னே செல்வோம்.

கடலடியில் தந்திக்கம்பி போட முதலில் வழி செய்தது மலாய்க் காட்டு மரம் ஒன்றின் பால். கெத்தா பெர்ச்சா என்பது அதன் பெயர். சிங்கப்பூரிலிருந்த டாக்டர் மான்கோமரி, ஹோசே தல்மெய்தா ஆகியோர் 1843இல் அதன் மாதிரிகளை லண்டனில் அறிமுகப்படுத்தினர். சுடுநீரில் இளகி, ஆறியதும் இறுகும் அந்தப் பால், கம்பியிலிருந்து மின்சாரம் கடல்நீருக்குள் கசியாமல் காத்தது. உலகெங்கும் கடற்கம்பிகள் கிடந்தன. ஆனால் பால்மரத்தைப்போல் கீறிப் பால் எடுக்காமல், மரத்தை வெட்டிச் சாய்த்தே எடுத்தார்கள். சில ஆண்டுகளுக்குள் சிங்கப்பூர்க் காடுகளில் அம்மரம் அரிதாகிவிட்டது. நம் பால்மரத்தின் 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூருக்கு வந்ததும், மரத்தைக் கொல்லாமல் நாள்தோறும் சீவிப் பால் எடுக்கும் முறையைத் தாவரத் தோட்டத்தின் தலைவர் ரிட்லி வகுத்ததும் அதன் பிறகே.

சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குக் கடலடித் தந்தி 1871இல் வந்தது. ஆனால் அது வணிக நிறுவனத்தாருக்கும் அரசாங்கத்துக்கும் உரிய வசதி. தோட்டத்துத் தொழிலாளிக்கு ஊரிலிருந்து செய்தி கப்பலில்தான் வந்தது. தாய் இறந்த செய்தி, காரியம் முடிந்து வாரக்கணக்கில் கழிந்த பின் வந்து சேர்ந்த குடும்பங்கள் எத்தனையோ. செம்பவாங்கிலும் நீசூனிலும் ரப்பர்த் தோட்டங்கள் இருந்த காலத்தில் சிங்கப்பூரிலும் இதே நிலைதான். செந்தோசாவில் 1971இல் செயற்கைக்கோள் நிலையம் அமைந்தபின்பும், வெளிநாட்டுத் தொலைபேசி அழைப்பு ஏழைக்கு எட்டாக் கனியாகவே இருந்தது.

மாற்றம் கண்ணாடியால் வந்தது. வளைந்து விழும் நீர்த்தாரைக்குள் ஒளி வெளியேறாமல் வளைந்து செல்வதை 1854இல் ஜான் டிண்டால் லண்டனில் காட்டினார். ஒளிவிலகல் எண் மிகுந்த பொருளிலிருந்து குறைந்த பொருளுக்குச் செல்ல முயலும் ஒளி, மிகவும் சாய்வாக வந்தால் வெளியே போகாமல் முழுவதும் உள்ளேயே திரும்பிவிடும். இதனைக் கண்ணாடி இழைகளில் ஆராய்ந்தவர்களுள் ஒருவர் பஞ்சாபில் பிறந்த நரிந்தர் சிங் கபானி. இங்கிலாந்தில் ஹாப்கின்சுடன் சேர்ந்து அவர் 1954இல் தம் ஆய்வை வெளியிட்டார். அதே ஆண்டில் ஹாலந்தின் வான் ஹீல், இழையைச் சுற்றி ஒளிவிலகல் எண் குறைந்த உறை வேண்டும் என்று காட்டினார். நடுவில் எண் மிகுந்த கரு; சுற்றிலும் எண் குறைந்த உறை. ஒளி கருவுக்குள் சிறைப்படும்.

ஆனால் அக்காலத்துக் கண்ணாடியில் 20 மீட்டர் சென்றதும் ஒளியில் நூற்றில் ஒரு பங்குதான் மிஞ்சியது. இங்கிலாந்தில் பணியாற்றிய சார்லஸ் காவ், ஹாக்ஹமுடன் சேர்ந்து 1966இல் ஒரு கருத்தை வெளியிட்டார். குற்றம் கண்ணாடியினுடையது அல்ல. அதில் கலந்த இரும்பு, செம்பு போன்ற வேண்டாத மாசுகளே ஒளியை விழுங்குகின்றன என்றார். போத்தலுக்குப் பச்சை நிறம் தரும் அதே இரும்புதான் இங்கே எதிரி. மாசுகளை நீக்கினால், ஒரு கிலோமீட்டர் சென்ற பின்னும் நூற்றில் ஒரு பங்கு மிஞ்சச் செய்யலாம் என்று கணித்தார். 2009இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அமெரிக்காவின் கார்னிங் நிறுவனத்தில் மௌரர், கெக், ஷுல்ட்ஸ் ஆகிய மூவர் இதைச் செய்து காட்டினர். தூய சிலிக்காவையே எடுத்தனர். ஆனால் கருவும் உறையும் சுத்த சிலிக்காவாகவே இருந்தால் ஒளிவிலகல் எண் ஒன்றாகிவிடும், ஒளி சிறைப்படாது. ஆகவே கருவில் மட்டும் டைட்டானியம் சேர்த்தனர். 1970இல் ஒரு கிலோமீட்டருக்கு நூற்றில் 2 பங்கு ஒளி மிஞ்சியது. ஆனால் டைட்டானியமே கொஞ்சம் ஒளியை விழுங்கியது. அதைத் தணிக்க இழையைச் சூடாக்கினால் இழை நொறுங்கியது. அடுத்து ஜெர்மானியத்தைச் சேர்த்தனர். 1972இல் நூற்றில் 40 பங்கு ஒளி மிஞ்சியது. இன்றைய நல்ல இழையில் 15 கிலோமீட்டர் சென்றபின்தான் ஒளி பாதியாகிறது.

ஜெர்மானியம் ஆக்சைடு கண்ணாடியின் அடர்த்தி ஏறத்தாழ 3.65, ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.61. இதை நூற்றுக்குச் சில பங்கு மட்டும் சேர்த்தால் போதும். கருவின் எண் உறையைவிட ஆயிரத்தில் ஐந்து அளவே உயரும். அவ்வளவு சிறிய வேறுபாடுதான் ஒளியை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வழி தவறாமல் நடத்துகிறது. இழையைச் செய்யும் முறையும் அறியத்தக்கது. சிலிக்காக் குழாய்க்குள் வாயுவாகச் சிலிக்கானையும் ஜெர்மானியத்தையும் செலுத்திச் சூடேற்றி, உட்சுவரில் படியச் செய்வர். குழாயைத் தண்டாக இறுக்குவர். பிறகு உலையில் இளக்கி, மயிரிழை பருமனுக்கு நீளமாக இழுப்பர். குழாய் செய்து, சூட்டில் இழுப்பது என்பது அரிக்கமேட்டு மணிக்காரரும் அறிந்த வேலைதானே.

இதன் பயன் நம் கடலுக்கும் வந்தது. 1994இல் ஒளியிழைக் கடற்கம்பி ஒன்று சிங்கப்பூரைப் பிரான்சின் மார்சேய் நகரோடு இணைத்தது. 2002இல் ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர் நீளமுள்ள ஒளியிழைக் கம்பி சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே நேராகப் போடப்பட்டது. 2004இல் இன்னொன்றும் வந்தது. இவ்வளவு தொலைவில் ஒளி களைத்துப் போகாதா? போகும். அதற்கும் மருந்து மாசூட்டல்தான். எர்பியம் என்னும் தனிமம் சேர்த்த கண்ணாடி இழை, வேறோர் ஒளியிலிருந்து ஆற்றலைப் பெற்று, களைத்த ஒளிக்கு வலிமை ஊட்டும் என்பது 1987இல் காட்டப்பட்டது. கடலடிக் கம்பியில் வழிநெடுக இத்தகைய ஊக்கிகள் வைக்கப்படுகின்றன. நெடுந்தூரக் கம்பிகள் சிலவற்றில் கருவைச் சுத்த சிலிக்காவாகவே விட்டு, உறையில் மட்டும் ஃபுளோரின் சேர்க்கிறார்கள். கருவை உயர்த்தினாலும் சரி, உறையைத் தாழ்த்தினாலும் சரி, வேண்டியது வேறுபாடு.

இழைக்குள் ஒளி வினாடிக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீட்டர் செல்கிறது. சென்னையிலிருந்து சிங்கப்பூர் வர, வினாடியில் அறுபதில் ஒரு பங்கு நேரம் போதும். நம் பாட்டன் கப்பலில் நாள்கணக்கில் கடந்த கடல் அது. கண் இமைக்கும் நேரத்துக்கும் குறைவாக இன்று ஒரு குழந்தையின் மழலை அதைக் கடந்து தந்தையின் காதில் விழுகிறது. சிங்கப்பூரின் தெருக்களைத் தோண்டிக் குழாய்களும் கம்பிகளும் பதிக்கும் தொழிலாளரில் தமிழர் பலர் உண்டு. பகலில் பதித்த கம்பியின் வழியே இரவில் தம் வீட்டாரோடு பேசுகிறார்கள். ஆனால் அந்தக் கண்ணாடியின் கலவையை அளக்கும் ஆய்வுக்கூடத்தில் நம் பிள்ளைகள் எத்தனை பேர்? பெற்றோர் நினைத்துப் பார்க்க வேண்டிய கேள்வி இது.

அறிவியல் என்பது நகரத்துப் பெரிய பள்ளிகளுக்கு மட்டும் உரியதல்ல. மெட்ரோலாக் மிதந்த பாலில் அது இருந்தது. வளையலின் நிறத்தில் இருக்கிறது. கற்கண்டு கரையும் குவளையில் இருக்கிறது. எதை, எவ்வளவு, எந்த இடத்தில் சேர்ப்பது என்று அறிவதே மாசூட்டலின் முழுப் பாடம். இரும்பு வந்தால் ஒளி மங்கும். ஜெர்மானியம் வந்தால் ஒளி வழி காணும். இன்று மாலை உங்கள் பிள்ளை பள்ளிப் புத்தகத்தோடு வந்து, கண்ணாடி ஏன் மின்னுகிறது என்று கேட்டால், வேலைக் களைப்பிலும் ஒரு குவளை நீரும் ஒரு கற்கண்டும் எடுத்து வைத்து, அதனோடு சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள். கேட்கும் பிள்ளைக்கு அதைவிடப் பெரிய ஊக்கம் வேறில்லை.